சுண்ணப்பாறை ஏரிகளுக்குப் பிளாங்டன் வலை மட்டும் போதுமா? கருவிகள் பற்றிய மதிப்புரை

ஏரி நீரில் மிதந்து வாழும் நுண்விலங்குகளான விலங்கு மிதவையுயிரிகளைக் கணக்கெடுக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது பிளாங்டன் வலைதான். 30 செ.மீ. வாய், 90 செ.மீ. நீளம், 64 மைக்ரான் கண்ணுள்ள நைலான் துணி, அடியில் திருகிக் கழற்றும் குப்பி. எளிதாகத் தூக்கிப் போகலாம், விலையும் கட்டுப்படியாகும், இனப்பட்டியல் எடுக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆனால் நகரக் கழிவு கலந்த ஏரியையும் கலக்காத ஏரியையும் எடுத்துக்கொண்டு, எதில் எத்தனை இனம், லிட்டருக்கு எத்தனை உயிர் என்று ஒப்பிடுவது நோக்கமானால் இந்த வலையை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. அந்த வேலைக்கு முதல் செலவு ஷிண்ட்லர்-பட்டாலாஸ் பொறிக்கு, அதாவது வேண்டிய ஆழத்தில் குறித்த அளவு நீரை மூடிப் பிடிக்கும் பெட்டிக்கு. வலை அடுத்தது. வலையோடு, உள்ளே போகும் நீரை அளக்கும் ஃப்ளோமீட்டர் இல்லையென்றால் எண்ணிக்கை எதையும் எழுதவே கூடாது. இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் ஏரிகளின் இயல்பிலேயே இருக்கிறது.

மெக்சிகோவின் தெற்கே, குவாத்தமாலா எல்லையை ஒட்டிய சியாபாஸ் மாநிலத்தில் மோன்டெபெல்லோ ஏரிகள் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் காலங்காலமாகக் கரைத்து உண்டாக்கிய குழிகளில் நீர் தேங்கி, சிறிதும் பெரிதுமாக ஐம்பதுக்கு மேற்பட்ட ஏரிகள் ஆகியிருக்கின்றன. 1959-இல் தேசியப் பூங்காவாகவும், 2003-இல் ராம்சார் ஈரநிலமாகவும், 2009-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். கொமித்தான் நகரத்தின் கழிவுநீரையும் வழியிலுள்ள வயல்களின் உரத்தையும் சுமந்துவரும் ரியோ கிராண்டே தே கொமித்தான் ஆறு வடமேற்குச் சமவெளியிலுள்ள ஏரிகளில் கலக்கிறது. 2003 வாக்கிலிருந்து அந்த ஏரிகள் நீல நிறம் இழந்து மஞ்சளும் பச்சையுமாக மாறின. துர்நாற்றமும் மீன்சாவும் தொடர்ந்தன. தென்கிழக்கே மலைப்பகுதியிலுள்ள ஏரிகளுக்குப் பெரும்பாலும் நிலத்தடி நீரே ஆதாரம். அவை நீலமாகவே இருக்கின்றன. பாறை ஒன்று, உயரம் ஏறத்தாழ ஒன்று, கழிவு மட்டும் வேறு. நகரமயமாதல் மிதவையுயிரிகளை என்ன செய்கிறது என்று பார்க்க இப்படியொரு இடம் அரிது. கருவிகளின் தரத்தை உரசிப் பார்க்கவும் இதுவே சரியான கல். பலான்தெதிக் என்ற ஏரியின் ஆழம் சுமார் 3 மீட்டர். சின்கோ லாகோஸ் 160 மீட்டரைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் ஒரே கருவி, ஒரே முறை என்று போனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

வலை: கணக்கு எங்கே தவறுகிறது

வலையின் விற்பனைக் குறிப்பில் வாயின் அகலம் இருக்கும், கண்ணின் அளவு இருக்கும். இன்றியமையாத ஓர் எண் மட்டும் பெரும்பாலும் இருக்காது: துணியிலுள்ள திறந்த துளைகளின் மொத்தப் பரப்பு, வாயின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு என்பது. அதை நாமே போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. வாயின் பரப்பு 0.0707 சதுர மீட்டர். கூம்பின் பக்கப்பரப்பு, ஆரம் 0.15, சாய்நீளம் 0.9 என்று வைத்தால், 0.424 சதுர மீட்டர். 64 மைக்ரான் துணியில் மூன்றில் ஒரு பங்குதான் துளை, மீதி நூல். ஆகவே திறந்த பரப்பு 0.14 சதுர மீட்டர். வாயைப்போல் 2 மடங்கு மட்டுமே. தெளிந்த நீருக்கே 3 மடங்காவது வேண்டும். பாசி மண்டிய நீருக்கு 5 மடங்கு இருந்தால் நல்லது. கடையில் அதிகம் விற்கும் வலை இந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, அதே வாய்க்கு 150 செ.மீ. நீள வலையைத் தைத்து வாங்குவது, விகிதம் 3.3 ஆகும். மற்றொன்று, வாயின் முன்னால் துளையில்லாத கெட்டித்துணிக் கூம்பு ஒன்றை எதிர்த்திசையில் தைத்து, நுழைவாயை 20 செ.மீ. ஆகக் குறைப்பது. அப்போது நுழைவுப் பரப்பு 0.0314 சதுர மீட்டர், விகிதம் 4.5-ஐ ஒட்டி வரும். இரண்டாவது வழிக்குச் செலவு குறைவு, உள்ளூர்த் தையல்காரரே செய்து தருவார். உள்ளே போன உயிரிகள் வலையை இழுப்பதை நிறுத்தும்போது வெளியே கழுவிக்கொண்டு போவதையும் இந்த முன்கூம்பு குறைக்கிறது. வலை வாங்குகிறவர்கள் இந்த அமைப்பு உள்ளதையே கேட்டு வாங்கலாம்.

அடைபட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணில் பார்ப்போம். 15 மீட்டர் ஆழத்திலிருந்து 30 செ.மீ. வலையை நேர் மேலே இழுத்தால், வாய்ப்பரப்பைத் தூரத்தால் பெருக்கி 1,060 லிட்டர் வடிந்தது என்று எழுதுவார்கள். நீலப்பச்சைப் பாசி நிறைந்த ஏரியில் முதல் சில மீட்டருக்குள்ளேயே துணி வழவழத்துப் போகும். அதற்குப் பிறகு வலை வாளியைப்போல் நீரைத் தள்ளிக்கொண்டுதான் வரும். உண்மையில் நுழைந்தது 40 சதவீதம் என்றால் வடிந்தது 424 லிட்டர். உயிரிகளின் அடர்த்தி இரண்டரை மடங்கு குறைத்துக் காட்டப்படும்.

அடர்த்தி குறைவது ஒரு பக்கம். இதைவிட மோசமானது இனங்களின் பட்டியலில் நடக்கும் மாற்றம், அது கண்ணுக்கே தெரியாது. அடைபட்ட துணியின் கண் 64 மைக்ரானாக இருப்பதில்லை. பாசி இழைகள் குறுக்கே படிந்து அது 30, 40 மைக்ரானாகச் சுருங்குகிறது. தெளிந்த ஏரியில் இதே துணி வழியாக நழுவி ஓடிவிடும் ரோட்டிஃபர்கள் என்னும் மெல்லிய நுண்விலங்குகள் மாசுபட்ட ஏரியில் மாட்டிக்கொள்கின்றன. ஆய்வறிக்கையில் கழிவு கலந்த ஏரியின் ரோட்டிஃபர் பட்டியல் நீள்கிறது, தெளிந்த ஏரியின் பட்டியல் சுருங்குகிறது. எல்லாம் துணியின் வேலை. ஏரியின் நலம் பற்றிய ஒரு முடிவு இப்படித் துணியால் எழுதப்படுவதை அனுமதிக்கவே கூடாது.

இந்தத் துறையில் பலரும் கையாளும் பிராக்கியோனஸ்-டிரைக்கோசெர்கா விகிதத்துக்கும் இதே கதிதான். இரண்டும் ரோட்டிஃபர் பேரினங்கள். முதல் பேரினத்தின் இனங்களின் எண்ணிக்கையை இரண்டாவதின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 1-க்குக் கீழே ஊட்டம் குறைந்த நீர், 1 முதல் 2 வரை நடுத்தரம், 2-க்கு மேல் ஊட்டம் மிகுந்த நீர். பிராக்கியோனஸ் அகலமான, ஓடுள்ள உடல். 64 மைக்ரானில் பெரும்பாலும் நிற்கும். டிரைக்கோசெர்கா ஊசிபோல் ஒல்லி. அதன் சிறிய இனங்கள் நழுவிவிடும். பருங்கண் வலையில் எடுத்த பட்டியலில் இந்த விகிதத்தைக் கணக்கிட்டால் சுத்தமான ஏரியும் மாசுபட்டதுபோல் காட்சியளிக்கும். சுண்ணப்பாறை ஏரிகளில் இரண்டு பேரினமும் சேர்ந்தே நாலைந்து இனங்கள்தான் கிடைக்கும் நாட்கள் உண்டு. அப்போது ஓர் இனம் கூடினாலோ குறைந்தாலோ விகிதம் தலைகீழாகும். துணை ஆதாரமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ளோமீட்டர்

வலையின் வாயில் பொருத்தும் சிறு சுழலி. எந்திர வகையே போதும். பொதுவாகக் கிடைக்கும் ஒரு வகையில் ஒரு சுற்றுக்கு 0.3 மீட்டர் நீரோட்டம் என்று கணக்கு. 15 மீட்டர் இழுவைக்கு 50 சுற்று வரவேண்டும். வலையைக் கழற்றிவிட்டு, வெறும் வளையத்தை மீட்டரோடு அதே ஆழத்திலிருந்து மூன்று முறை இழுத்துச் சராசரி எடுத்தால், அடைப்பில்லாத நிலையின் எண் கிடைக்கும். வலையோடு இழுக்கும்போது வரும் எண்ணை அதனால் வகுத்தால் வடிதிறன். 75 சதவீதத்துக்குக் கீழே போன இழுவையை எண்ணிக்கைக்கு எடுத்துக்கொள்ளாமல், ஆழத்தை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து மறுபடி இழுப்பது நல்லது. பலான்தெதிக் போன்ற ஏரியில் 2 மீட்டருக்கு மேல் ஒரே இழுவையாக இழுப்பதில் பயனில்லை.

வாங்கும்போது பின்சுழல் தடுப்பு உள்ள மாதிரியா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வலையை இறக்கும்போதே சுழலி சுற்றி எண்ணைக் கெடுத்துவிடும். வாயின் நடுமையத்தில் கட்டாமல், மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே கட்ட வேண்டும். இழுக்கும் வேகம் நொடிக்கு அரை மீட்டர், சீராக. அதைவிட மெதுவாகப் போனால் சுழலி தடுமாறும், கோப்பிபாட்கள் என்னும் துள்ளி நீந்தும் சிறு ஓட்டுடலிகள் தப்பி ஓடும். வேகமாகப் போனால் வாயின் முன்னால் நீர் குவிந்து பக்கவாட்டில் வழியும். கயிற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் நிறநாடா கட்டி, ஒருவர் நொடி எண்ண ஒருவர் இழுத்தால் வேகம் கைக்கு வந்துவிடும்.

சுண்ணாம்பு படிந்த துணி

சுண்ணப்பாறை (கார்ஸ்ட்) நீரின் தனித்தொல்லை இது. கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்த நீரில் பாசிகள் பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும்போது கால்சைட் துகள்கள் பிரிந்து மிதக்கின்றன. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீல ஏரியிலும் இவை உண்டு. ஒவ்வொரு இழுவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நூலிடுக்கில் படிந்து, காய்ந்தபின் வெள்ளைப் பூச்சாகக் கெட்டியாகும். உலர்ந்த வலையை வெயிலில் பிடித்துப் பார்த்தால் மங்கலான திட்டுகள் தெரியும். தேய்த்துக் கழுவினால் துணியின் கண் விரிந்துவிடும். சாதாரண வினிகரும் நீரும் சமபங்கு கலந்து அதில் 15 நிமிடம் ஊறவிட்டு, நல்ல நீரில் பலமுறை அலசினால் போய்விடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். நைலான் வலுவான அமிலத்தில் நைந்துபோகும். வினிகர் துளியும் வலையில் மிச்சமிருக்கக் கூடாது, ஏனென்றால் ஆஸ்ட்ரகாட்கள் என்னும் இரட்டை ஓட்டுச் சிற்றுயிரிகளின் ஓடு சுண்ணாம்பு, கரைந்துவிடும்.

இன்னொன்று, இந்த ஏரிகளில் ஆழமானவற்றின் கரை கிணற்றுச் சுவர்போல் செங்குத்து. படகு பத்து மீட்டர் நகர்ந்தால் அடியாழம் முப்பது மீட்டர் மாறியிருக்கும். மூழ்கிய மரங்களும் சுண்ணாம்புத் திட்டுகளும் வலையைக் கிழிக்கும். ஆழமானியைப் பார்க்காமல் எடையை இறக்குவது வலையைக் காணிக்கை கொடுப்பதற்குச் சமம்.

ஷிண்ட்லர்-பட்டாலாஸ் பொறி

1969-இல் ஷிண்ட்லர் செம்மைப்படுத்திய கருவி. ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பெட்டி. மேலும் கீழும் கதவு. இறங்கும்போது இரண்டும் திறந்திருக்க, நீர் தடையில்லாமல் ஊடே போகும். வேண்டிய ஆழத்தில் நிறுத்தி மேலே இழுத்தவுடன் கதவுகள் மூடிக்கொள்ளும். பக்கத்தில் சிறு வலைக்குழாய். படகில் தூக்கியதும் அதன் வழியே நீர் வடிந்து, உயிரிகள் குப்பியில் தங்கும். 12 லிட்டரும் 30 லிட்டரும் கிடைக்கின்றன. வலையைப்போல் பல மடங்கு விலை. இருந்தாலும் இந்த வேலைக்கு இதைப் பரிந்துரைக்க ஒரே காரணம் போதும்: எந்த ஏரியில் இறக்கினாலும் 12 லிட்டர் என்றால் 12 லிட்டர்தான். அடைப்பு நீரின் அளவை மாற்றாது. பெட்டி கண்ணாடிபோல் இருப்பதால் கோப்பிபாட்கள் மிரண்டு விலகுவதும் குறைவு. குறுகிய வாயுள்ள நீர்ப்புட்டிகள் இந்த விஷயத்தில் தோற்றுப்போகும்.

12 லிட்டரையே வாங்குங்கள். 30 லிட்டர் பெட்டி நீர் மட்டத்துக்கு மேல் வந்ததும் நீர் மட்டும் 30 கிலோ. சிறிய படகில் இருவர் ஒரே பக்கம் சாய்ந்து அதைத் தூக்குவது ஆபத்து. கப்பியும் தூக்குக்கையும் பொருத்திய பெரிய படகு இருந்தால் வேறு பேச்சு. 12 லிட்டரின் குறை, தெளிந்த ஏரிகளில் உயிரிகள் குறைவு என்பதால் ஒரு முறை போதாது. லிட்டருக்கு 2 கோப்பிபாட் இருக்கும் நீரில் ஒரு பெட்டிக்கு 24 தான் கிடைக்கும். எண்ணிக்கை நம்பகமாக வர 200-க்குக் குறையாமல் எண்ண வேண்டும். ஆகவே நீல ஏரிகளில் ஒவ்வோர் ஆழத்திலும் ஐந்து முறை, 60 லிட்டர் எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். 200-ஐத் தொடாத மாதிரிக்கு மேலும் சில பெட்டி சேர்க்க வேண்டும். பச்சை ஏரிகளில் ஒன்றிரண்டு முறையே போதும். ஆனால் வடித்த லிட்டரைக் குப்பியின் மேலேயே எழுதிவிட வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. கீழ்க்கதவின் ரப்பர் பட்டை வெயிலில் காய்ந்து வெடிக்கும். நீர் ஒழுக ஆரம்பித்தால் உயிரிகளும் ஒழுகும். சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவி, நிழலில் வைத்து, பருவத்துக்கு ஒரு பட்டை மாற்ற வேண்டும். இரண்டாவது, எடை போதாமல் பெட்டி சாய்ந்து இறங்கினால் மேற்கதவு முழுதாகத் திறக்காது. அடிச்சட்டத்தில் எடை கட்டிச் சமன் பார்க்க வேண்டும். மூன்றாவது, பாசி மிகுந்த நீரில் பக்கவலை அடைபட்டு வடிய நேரமாகும். பொறுமையிழந்து பெட்டியைச் சாய்த்தால் மேலே வழிந்து மாதிரி போய்விடும். பக்கவலையின் வெளிப்புறத்திலிருந்து பீச்சுக்குப்பியால் நீரடித்தால் பாசி விலகும். அப்படி அடிக்கும் நீர் 20 மைக்ரானில் வடித்ததாக இருக்கட்டும்.

அக்ரிலிக்கை எந்தக் காரணத்துக்கும் ஆல்கஹாலால் துடைக்கக் கூடாது. நுண்விரிசல் விட்டு, ஒரே ஆண்டில் பெட்டி வெண்மேகம் படிந்ததுபோல் ஆகும். வெளிப்படைத்தன்மை போனால் பொறியின் பாதிப் பயன் போச்சு.

யாழ்ப்பாணத்தில் நிலாவரைக் கிணறு போன்ற சுண்ணக்கல் குழிகளில் வேலை செய்ய நினைக்கிறவர்களுக்கும் இந்தப் பொறிதான் ஏற்றது. அங்கே மேலே நன்னீர், கீழே போகப் போக உப்பு. நேர் இழுவை வலை இரண்டு நீரின் உயிர்களையும் ஒரே குப்பியில் கலந்துவிடும். பொறி அடுக்கு அடுக்காகப் பிரித்துத் தரும்.

எந்த ஆழத்தில் எடுப்பது

பொறியை வாங்கிவிட்டுப் பகலில் மேல்மட்டத்தில் மட்டும் இறக்கினால் செலவெல்லாம் வீண். தெளிந்த ஏரியில் ஒளி ஆழமாகப் போகிறது. பார்வையால் வேட்டையாடும் மீன்களுக்குத் தப்ப மிதவையுயிரிகள் பகலில் கீழே இறங்கி, இரவில் ஏறுகின்றன. மாசுபட்ட ஏரியில் நீர் கலங்கல்; அதோடு சில மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே இருக்காது. உயிரிகள் எல்லாம் மேலடுக்கில் நெருங்கிக் கிடக்கும். பகல் பத்து மணிக்கு இரண்டிலும் 1 மீட்டர் ஆழத்தில் எடுத்தால், கழிவு கலந்த ஏரியில் உயிர் கொழிப்பதாகவும் நீல ஏரி வெறிச்சோடியதாகவும் தெரியும்.

ஆகவே முதலில் ஆக்சிஜன் மீட்டரை இறக்கி, எந்த ஆழத்தில் ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே போகிறது என்று குறித்துக்கொண்டு, அதுவரை சமதூர ஆழங்களில் பொறியை இறக்க வேண்டும். ஒளியுணரி வகை மீட்டர் நல்லது. சவ்வு வகை, அடியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடில் சீக்கிரம் கெடும். பித்தளைக் கொக்கிகளும் கறுத்து அரிக்கும், துருப்பிடிக்காத எஃகு போடுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. 20 டிகிரி நீர் கடல் மட்டத்தில் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் என்றால் இங்கே 7.6 தான். அந்த இடத்தின் அழுத்தத்தைக் கொடுத்து மீட்டரைச் சரிசெய்யாவிட்டால் ஆக்சிஜன் அளவுகள் எல்லாமே தவறாகும்.

ஆழமான ஏரிகளில் ஆண்டுக்கொரு முறை, குளிர்ந்த மாதங்களில் மேல்நீரும் அடிநீரும் கலக்கின்றன. அந்த வாரங்களின் பட்டியலையும், அடுக்கு பிரிந்திருக்கும் மழைக்காலப் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது. இரண்டும் தனித்தனி.

ரோட்டிஃபர்களுக்குத் தனி வழி

பொறியின் பக்கவலை 50 மைக்ரானாக இருந்தாலும் ரோட்டிஃபர்களில் பல நழுவும். பொறியிலிருந்தே 5 லிட்டரைத் தனியே எடுத்து, 20 மைக்ரான் துணி ஒட்டிய பிவிசி குழாய்ச் சல்லடையில் வடிப்பது மலிவான தீர்வு. 10 செ.மீ. விட்டக் குழாயை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, ஒரு முனையில் துணியை இழுத்து எபாக்சியால் ஒட்டினால் சல்லடை தயார். நீருக்குள் பாதி அமிழ்த்தி வைத்துக்கொண்டு மெல்ல ஊற்ற வேண்டும். காற்றில் பிடித்து ஊற்றினால் மெல்லுடல் இனங்கள் துணியில் அறைந்து சிதையும்.

சினகீட்டா, அஸ்பிளாங்னா, கொனோகிலஸ் போன்ற ஓடில்லாத ரோட்டிஃபர்கள் ஃபார்மலின் பட்டதும் உருண்டையாகச் சுருங்கி அடையாளம் இழந்துவிடும். மாதிரிக்குச் சம அளவு குளிர்ந்த சோடா நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மயக்கி, அதன்பிறகு பதப்படுத்துவது நல்லது. கடைச் சோடாவே போதும், உப்போ எலுமிச்சையோ சேர்க்காததாக.

பதப்படுத்த, வணிக ஃபார்மலின் ஒரு பங்குக்கு மாதிரி ஒன்பது பங்கு. நீர்த்தெள்ளு வகையான கிளாடோசீராக்களின் ஓடு உப்பி முட்டை உதிராமல் இருக்க, இறுதிக் கரைசலில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை. ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகும் என்பதால் போராக்ஸ் சேர்த்து நடுநிலைப்படுத்தியே ஆக வேண்டும். இல்லையென்றால் சில மாதங்களில் ஆஸ்ட்ரகாட்கள் ஓடில்லாத தோல்களாகக் கிடக்கும். சுண்ணப்பாறை ஏரியின் ஆய்வில் ஆஸ்ட்ரகாட்களைத் தொலைப்பது பெரிய இழப்பு. டி.என்.ஏ. பார்க்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் மாதிரியில் பாதியை 96 சதவீத எத்தனாலில் போட்டு, ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்றிக் குளிரில் வையுங்கள். மெக்சிகோவின் நன்னீர் கோப்பிபாட்களில், குறிப்பாக மாஸ்டிகோடயாப்டோமஸ் பேரினத்தில், ஒன்றுபோல் தோன்றும் தனி இனங்கள் பல உண்டு. உருவத்தை மட்டும் நம்பினால் இனங்களின் எண்ணிக்கை குறைந்தே வரும்.

எண்ணும் அறைகள்

செட்ஜ்விக்-ராஃப்டர் அறை: 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம், ஆக 1 மில்லிலிட்டர். ரோட்டிஃபருக்கும் கோப்பிபாட் குஞ்சான நாப்ளியஸுக்கும் இது சரி. கண்ணாடியில் வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் வருவது மலிவுதான், ஆனால் கீறல் விழும், எத்தனால் மாதிரியில் மங்கும், கீறலையும் டிரைக்கோசெர்காவையும் பிரித்தறியக் கண் திணறும். மூடுகண்ணாடியைக் குறுக்குச் சாய்வாக வைத்து, திறந்த மூலை வழியே நிரப்பி, மெல்ல நகர்த்தி மூடினால் காற்றுக் குமிழி வராது. அறையின் ஆழத்தால் 4, 10 மடங்கு வில்லைகளே எட்டும்; 40 மடங்கு வில்லையை இறக்கினால் மூடுகண்ணாடி உடையும். ஐயமான உயிரியைப் பிப்பெட்டால் எடுத்துத் தனி ஸ்லைடில் பார்க்க வேண்டும்.

பெரிய கோப்பிபாட்களையும் கிளாடோசீராக்களையும் இதில் எண்ணாதீர்கள், 1 மி.மீ. ஆழத்தில் அவை மடங்கும். வளைவு வாய்க்கால் வெட்டிய பொகரோவ் தட்டு அதற்கு. கணக்கு எளிது: 60 லிட்டரை வடித்து 50 மில்லிலிட்டராகச் சுருக்கி, அதில் 3 மில்லிலிட்டரில் 180 உயிரிகளை எண்ணினால், 180-ஐ 50-ஆல் பெருக்கி 3-ஆலும் 60-ஆலும் வகுக்க, லிட்டருக்கு 50. குப்பியைக் குலுக்காமல், எட்டு வடிவில் மெல்ல அசைத்துக் கலக்கி, அகலவாய்ப் பிப்பெட்டால் எடுக்க வேண்டும். சாதாரணப் பிப்பெட்டின் குறுகிய முனை பெரிய உயிரிகளை வெளியே தள்ளிவிடும்.

எண்ணி முடித்ததும் மீதி மாதிரி முழுவதையும் ஒரு தட்டில் ஊற்றி அரிய இனங்களைத் தேட வேண்டும். இந்த வேலையைத் தெளிந்த ஏரிக்கு ஒரு மணி நேரமும் கலங்கல் ஏரிக்குப் பத்து நிமிடமும் செய்தால் ஒப்பீடு மறுபடி சாயும். எண்ணிய உயிர்களின் தொகையைச் சமமாக்கி இனங்களை மதிப்பிடும் கணக்கைப் போட்ட பிறகே எது வளமான ஏரி என்று பேசலாம்.

கரையோரத்துக்குக் கைவலையும் ஒளிப்பொறியும்

லீகேன் என்ற ரோட்டிஃபர், கைடோரிட் குடும்பக் கிளாடோசீராக்கள் முதலியவை நடுநீரில் கிடைக்கா, நீர்ச்செடிகளுக்கிடையே வாழ்பவை. கரையில் படித்துறையும் உணவகமும் படகுத்துறையும் வந்து செடிகள் அகற்றப்பட்டால் முதலில் போவது இவைதான். ஆகவே நகரமயமாதலின் தடத்தைப் பார்க்க நடுநீர் மட்டும் போதாது. நீளக்கம்பு பொருத்திய 50 மைக்ரான் கைவலையால் செடிகளை ஒரு நிமிடம் அலசினால் போதும், நேரத்தை மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக வையுங்கள்.

இரவில் இறக்கும் ஒளிப்பொறி இனப்பட்டியலை நன்றாக நீட்டும். யுகடான் தீபகற்பத்துச் சுண்ணப்பாறை நீர்நிலைகளில் செடுமாலிலுள்ள ஈகோசூர் ஆய்வு மையத்தார் இதை டி.என்.ஏ. முறையோடு சேர்த்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பட்டியலுக்கு மட்டுமே இது. கலங்கல் நீரில் விளக்கின் வெளிச்சம் கைநீளமும் போகாது, தெளிந்த நீரில் பல மீட்டர் போகும். இரண்டு ஏரிகளின் எண்ணிக்கையை இதை வைத்து ஒப்பிட வழியே இல்லை.

ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே

ஒரே நாளில் இரண்டு ஏரி என்றால் தெளிந்ததை முதலிலும் கலங்கியதைப் பிறகும் வையுங்கள். ஏரிக்கு ஒரு அடிக்குப்பி, ஏரிக்கு ஒரு கயிறு இருந்தால் இன்னும் நல்லது. வலையை உலர்த்திவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. கிளாடோசீராக்களின் உறங்கு முட்டைகள் உலர்ந்தும் உயிரோடிருக்கும். துணியின் தையலிடுக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போகும். 60 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் வலையைப் பத்து நிமிடம் மூழ்கவைத்து, தையல்களை உள்வெளியாகப் புரட்டிக் கழுவி, அதன்பிறகு உலர்த்த வேண்டும். அக்ரிலிக் பெட்டிக்கு அந்தச் சூட்டிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கொதிநீர் அதை வளைத்துவிடும். ஆர்க்டோடயாப்டோமஸ் டார்சாலிஸ் என்ற அமெரிக்க நன்னீர்க் கோப்பிபாட் கடல் கடந்து பிலிப்பைன்ஸ் ஏரிகளில் குடியேறியிருக்கிறது. ஊட்டம் மிகுந்த நீரில் செழிக்கும் இனம் அது. மோன்டெபெல்லோவில் பச்சை ஏரிக்கும் நீல ஏரிக்கும் இடையே கடல் இல்லை, சில கிலோமீட்டர் சாலைதான். வெந்நீர் அடுப்பும் பெரிய பாத்திரமும் கருவிப்பட்டியலில் பொறிக்கு அடுத்த வரியிலேயே இருக்கட்டும்.